சுறாவைத் தின்ற கெளுத்தி

தலை இல்லாத பிணங்கள் மொத்தம் பதினான்கு. எல்லாம் கழுத்தோடு ஒரே மாதிரி வெட்டப்பட்டு, உப்பில் புரட்டப்பட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுச் சொர்ணலதாவின் மேஜை இழுப்பறையில் கிடந்தன. பழனிசெட்டிபட்டியில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையின் வெளியே "சொர்ணலதா, எம்.எஸ்ஸி., துப்பறியும் நிலையம்" என்று பலகை தொங்கியது. உள்ளே கருவாட்டு நாற்றம் தொங்கியது.

"ஆத்தா, பிணத்தை எரிக்கிறதா, பொதைக்கிறதா, ஒரு முடிவு சொல்லு. கீழ காத்தடிக்க வர்றவனெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறான்னு சைக்கிள் கடைக்காரரு அழுகுறாரு" என்றார் ராக்கையா.

ராக்கையா அவளுடைய உதவியாளர். நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடம் கம்பம் ரோட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். மப்டியில் ஏறிய டிக்கெட் பரிசோதகரைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டதில் வேலை போயிற்று. அன்றிலிருந்து வாய் மட்டும் சர்வீசில் இருக்கிறது.

சொர்ணலதா கையில் இருந்த தந்தியை மூன்றாவது தடவையாகப் படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதில் இருந்தது இவ்வளவுதான்: சதை கடல் மீன், கடிதம் பின்னால்.

நாளை மறுநாள் காலை பதினொரு மணிக்கு உத்தமபாளையம் கோர்ட்டில் அக்கம்மாளின் ஜாமீன் மனு வருகிறது. இந்தத் தந்தியோடு போனால் அக்கம்மாள் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அக்கம்மாள் சின்னமனூர்ச் சந்தையில் கூடை வைத்துக் கருவாடு விற்பவள். தை மாதக் கடைசியில் அவளிடம் கெளுத்திக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்துத் தின்ற ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஐந்து பேர் திரும்பினார்கள். வாழைத்தார் சுமக்கிற முத்துவீரன் திரும்பவில்லை. கருவாட்டில் பூச்சிமருந்து இருந்தது என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. என்ன மருந்து என்று அது பிரித்துச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மருந்து எங்கே கலந்தது? வழக்கே இந்த ஒரு கேள்விதான். அக்கம்மாளுக்கு மூட்டை போட்ட மொத்த வியாபாரி தங்கபாண்டி இதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருந்தார்: "என் சரக்கு ராமேசுவரத்துக் கடல் மீனு. கடல்ல எவன்யா மருந்து தெளிக்கிறான்?"

சப்-இன்ஸ்பெக்டர் அழகர் அந்த வரியில் சொக்கிப்போனார். கடலில் மருந்து இல்லை என்றால் அக்கம்மாளின் குடிசையில்தான் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தார். மூலையில் ஓர் எறும்புப் பொடி டப்பா இருந்தது. அத்தோடு விசாரணை முடிந்தது. நான்கு குடோன் வைத்திருப்பவர் சாட்சி. ஒரு கூடை வைத்திருப்பவள் குற்றவாளி. இதில் அழகருக்கு உறுத்துகிற மாதிரி எதுவும் தெரியவில்லை. சந்தையில் மூட்டை தூக்கியவரின் மகளாகப் பிறந்து, அந்த வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன சொர்ணலதாவுக்கு இதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

கெளுத்தியில் கடல் கெளுத்தியும் உண்டு, ஆற்றுக் கெளுத்தியும் உண்டு. தலையைப் பார்த்தால் அவளே சொல்லிவிடுவாள். அக்கம்மாள் கூடையில் மிஞ்சி அவள் கைக்கு வந்த பதினான்கிலும் தலைதான் இல்லை. அதனால்தான் ஒரு துண்டைக் கொச்சிக்கு அனுப்பினாள். கூடவே ஒத்துப் பார்க்க, ராக்கையாவை விட்டு ராமேசுவரத்தில் வாங்கிய அசல் கடல் கெளுத்தி ஒன்றையும் அனுப்பினாள். கொச்சியில் அவளோடு மதுரையில் படித்த ஜெபராணி மீன் ஆராய்ச்சியில் இருந்தாள். சூரை மீன் எந்தக் கடலில் மேய்ந்து, எந்தக் கடலுக்கு வலசை வந்தது என்று, மீனைப் பின்தொடராமலேயே சொல்லுகிற வேலை அவளுக்கு.

"அது எப்படி ஆத்தா, செத்த மீனு தான் தின்னதைச் சொல்லும்?" ராக்கையா இதை ஐந்தாவது தடவையாகக் கேட்டார்.

"கரியில, அதான் கார்பன்ல, ரெண்டு சாதி இருக்குண்ணே. ஒண்ணு லேசு. ஒண்ணு கொஞ்சம் கனம்."

"அங்கனயும் ரெண்டு சாதியா!"

"ரெண்டும் அடிச்சுக்கிறாது. எத்தனை வருசமானாலும் அப்படியே கெடக்கும். கடல்ல வெளையுற தீனியில கனமானது கொஞ்சம் கூட இருக்கும். ஆறு, கொளத்துல கொறைச்சல். மீனு எதைத் தின்னுச்சோ அந்த விகிதம் அதோட சதையில நிக்கும். எரிச்சு, மிஷின்ல எடை போட்டுப் பார்த்தா தெரிஞ்சுரும்."

"அப்ப என்னைய எரிச்சா நான் எந்தக் கடைப் புரோட்டா தின்னேன்னு தெரிஞ்சுருமா?"

"கோதுமை தின்னது தெரியும்."

"நல்லவேளை. எம்பொண்டாட்டி அதைக் கண்டுபிடிக்கிறப்ப நான் செத்துருப்பேன்." ராக்கையா தந்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப மிஷினும் தங்கபாண்டி கச்சியில சேர்ந்துருச்சு. நான்தான் அப்பவே சொன்னேன்ல, அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு. அவரு கையால மாலை போட்டவன் நானு. கார்த்திகை ஒண்ணாந்தேதி கடையப் பூட்டிச் சாவியை அய்யப்பன் படத்துக்கு முன்னால வச்சாகன்னா, தை பொறந்து மலைக்குப் போயி வந்துதான் எடுப்பாக. மாலை போட்ட கழுத்தோட கருவாட்டை வித்தா குருசாமியா இருக்கத் தகுதி இல்லைம்பாக. இந்தப் பள்ளத்தாக்குல அப்படி ஒரு கருவாட்டு யாவாரி உண்டா?"

"நீங்களும் சுத்தமா இருந்தீகளாக்கும்?"

"நாக்கு இருந்துச்சு. மூக்குதான் இருக்கலை. அவரு திராட்சைத் தோட்டத்துக்குப் பஜனைக்குப் போறப்பல்லாம் மூக்கு மட்டும் சுறாக் கொழம்பு சாப்பிட்டுட்டு வந்துச்சு. குருசாமி ஒடம்புல ஊறுன வாசனை போலன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நெற்றி நிறைய விபூதியும் சந்தனமுமாக, வெள்ளை வேட்டியில், தங்கபாண்டியே நின்றுகொண்டிருந்தார்.

"தந்தி வந்துச்சாம்ல, தாயி?"

"வந்தது எனக்கு."

"ஊருக்குள்ள தெரியாம தந்தி வருமா?" முகத்தில் அப்படி ஒரு கருணை. "எனக்குக் கோவமே இல்ல. படிச்ச புள்ள, சந்தேகப்பட்டுட்ட. அக்கம்மா வெளிய வரட்டும், நானே ஒரு மூட்டை சும்மா குடுத்து அனுப்புறேன். நாளைக்குப் பங்குனி ஒண்ணு, நம்ம பஜனை மடத்துல பூசை, அன்னதானம். வந்துரு. எஸ்.ஐ. அழகரும் வர்றாக. ராக்கையா, நீ சொல்லாமயே வருவ."

அவர் இறங்கிப் போனபின் ராக்கையா அறையை முகர்ந்தார். "சந்தன வாசனை அடிச்சுட்டுப் போறாரு. நம்ம பிணங்களுக்கு நல்லது."

"கிளம்புங்க" என்றாள் சொர்ணலதா. "பஸ்ஸைப் பிடிச்சா நாலு மணிக்குள்ள அக்கம்மாளைப் பார்க்கலாம்."

உத்தமபாளையம் சப்-ஜெயிலின் கம்பிக்குப் பின்னால் அக்கம்மாள் சுருங்கிப் போயிருந்தாள். ராக்கையாவைப் பார்த்ததும் மட்டும் வாயில் சிரிப்பு வந்தது.

"கண்டக்டரு ஜெயிலு வாசலு வரைக்கும் வந்துட்டாரே. என்னைய எப்பவும் பின் படிக்கட்டுலதான ஏத்துவீக? கூடைக்காரி, நாறுது, பின்னால போன்னு."

"அது டிப்போ உத்தரவு தாயி" என்று முனகினார் ராக்கையா.

"அக்கம்மா, அந்த மூட்டையைப் பத்திச் சொல்லு. எதையும் விடாத. அவிழ்த்ததும் என்ன பார்த்த?"

அக்கம்மாள் யோசித்தாள். "சுத்தமா இருந்துச்சு, தாயி. அம்புட்டுச் சுத்தம்."

"அப்படின்னா?"

"கடற்கரையில காயப்போட்ட கருவாடுன்னா மணலு இருக்கும்ல. தட்டுனா நறநறன்னு கொட்டும். வாங்க வர்றவுக என்னைய அதுக்குத்தான் வைவாக. இந்த மூட்டையில ஒரு பொடி மணலு இல்ல. என்னமோ எலைச் சருகு ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அகலமா, ஓரத்துல பல்லு பல்லா. 'சுத்தமான கருவாடு, அலசக்கூட வேண்டாம்'னு கூவிக் கூவி வித்தேன்." அவள் கம்பியை இறுகப் பிடித்தாள். "முத்துவீரன் ரெண்டு துண்டுதான் கேட்டான். ரொம்ப நாளாச்சு கருவாடு தின்னுன்னான். நானே கூட ஒரு துண்டு கொசுறு போட்டேன்."

சொர்ணலதாவுக்கு ஆறுதல் சொல்ல வராது, கோபப்படத்தான் வரும். "அந்த மூட்டையை உனக்கு மட்டும் ஏன் போட்டாரு?"

"கேட்டது சுறா. ஐப்பசிக் கடைசியில நான் போனப்ப குடோன்ல பதினெட்டு மூட்டை சுறா நின்னுச்சு, நானே எண்ணினேன். மலைக்குப் போயிட்டு வந்து கடை தொறந்ததும் மொத ஆளாப் போனேன். ஒரு மூட்டைகூட இல்ல. 'சுறா எல்லாம் தீந்துபோச்சு, இந்தக் கெளுத்தி ஒரு மூட்டைதான் இருக்கு, எடுத்துக்க'ன்னாக."

"கடை பூட்டியிருந்தப்ப சுறா எப்படித் தீரும்?"

"அதை நான் எப்படித் தாயி கேக்க முடியும்? முதலாளில்ல."

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடிதம் வந்தது. ஜெபராணியின் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு பக்கம்.

"அடியே சொர்ணா, தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு கேட்டான். ஆராய்ச்சிக்காரி கையில் பாதி உண்மைக்குத்தான் காசு இருந்தது. மீதி இதோ. சதை கடல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் இரண்டு கோளாறு இருக்கிறது.

"கரியைப் போலவே நைட்ரஜனிலும் கனமானது ஒன்று உண்டு. ஒன்றை ஒன்று தின்னத் தின்ன அது படிப்படியாக ஏறும். பாசி முதல் படி என்றால், நீ அனுப்பிய ராமேசுவரத்துக் கெளுத்தி மூன்றாம் படியில் மரியாதையாக நிற்கிறது. சுறா நான்காம் படி. உன்னுடைய தலையில்லாத பிணமோ சுறாவுக்கும் மேலே ஐந்தாம் படியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"இரண்டாவது இன்னும் வேடிக்கை. சதை சீக்கிரம் புதுசாகும். முள் மெதுவாகத்தான் மாறும். சதை அண்மைச் சாப்பாட்டைச் சொல்லும், முள் பழைய சாப்பாட்டைச் சொல்லும். சூரை மீன் ஊர் மாறியதை நான் இப்படித்தான் பிடிக்கிறேன். உன் மீனின் முள்ளை எரித்தால் அதில் கடலே இல்லை. சுத்தமான நன்னீர். ஆகவே என் முடிவு: இந்தக் கெளுத்தி நன்னீரில் பிறந்து வளர்ந்து, திடீரென்று கடலுக்குக் கிளம்பிப் போய், இரண்டு மாதம் போல வேளாவேளைக்குச் சுறாவை அடித்துத் தின்றிருக்கிறது. இப்படி ஒரு மீனைக் கண்டுபிடித்தேன் என்று நான் எழுதினால் எனக்கு டாக்டர் பட்டம் கொடுக்க மாட்டார்கள், டாக்டரிடம் அனுப்புவார்கள்."

ராக்கையா வாயைப் பிளந்தார். "சுறாவைத் தின்ன கெளுத்தியா? எங்க டிப்போ மேனேஜரைக் கிளீனர் பையன் அடிச்ச மாதிரில்ல இருக்கு."

சொர்ணலதா எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். "கெளுத்தி வலசை போகாதுண்ணே. அது பொறந்த தண்ணியிலயே கெடந்து சாகுற சாதி. மீனு கடலுக்குப் போகலைன்னா?"

"போகலைன்னா?"

"கடல்தான் மீனுகிட்ட வந்துருக்கு. மூட்டையில."

ராக்கையா புரியாமல் பார்த்தார். சொர்ணலதா இழுப்பறையைத் திறந்து, கருவாட்டோடு ஒட்டியிருந்த சருகுத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அகலமான இலை. ஓரத்தில் பல் பல்லாக.

"இது என்ன எலை?"

"திராட்சை. இதுகூடத் தெரியாமலா கம்பம் ரோட்டுல..." ராக்கையா பாதியில் நிறுத்தினார். கை தானாக மூக்குக்குப் போயிற்று. "ஆத்தா! என் மூக்கு சாப்பிட்ட சுறாக் கொழம்பு!"

"உங்க மூக்குக்கு அஞ்சாம் படி குடுக்கணும். அந்தத் தோட்டத்துல தண்ணி எங்கன இருக்கு?"

"அறுபதடிக் கெணறு. நிறைய கெளுத்தி கெடக்கும். பஜனை முடிஞ்சு எட்டிப் பார்ப்போம், துள்ளிக்கிட்டு வரும்." அவர் குரல் இறங்கியது. "மலைக்குப் போயிட்டு வந்து ஒரு நாளு பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி."

"அதுக்கு முன்னாடி தோட்டத்துல மருந்து தெளிச்சாகளா?"

"தெளிச்சாக. கோர்ட்டுல இதைச் சொன்னாப் போதும்ல?"

"நாம சொன்னா அது கதை. ஒரு வேலையத்த பொண்ணும் வேலை போன கண்டக்டரும் சேர்ந்து கட்டுன கதை. அவரே சொல்லணும். எஸ்.ஐ. காதுல விழுற மாதிரி."

"அவரு ஏன் சொல்லப்போறாரு?"

"சொல்லாட்டி அதைவிடப் பெரிய அசிங்கம் ஒண்ணு வரும்னா சொல்லுவாரு." சொர்ணலதா குடையை எடுத்தாள். "அன்னதானத்துக்குக் கூப்பிட்டாருல்ல, வாங்க."

பஜனை மடத்தில் பூசை முடிந்து முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. அறுபது பேருக்குக் குறையாது, எல்லாரும் தங்கபாண்டி கையால் மாலை போட்டவர்கள். நடுநாயகமாக அழகர், மப்டியில், சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தார். தங்கபாண்டி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே கூட்டு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"பொம்பளைக பந்தி ரெண்டாவது, தாயி. அங்கன உக்காரு" என்றார் சிரித்துக்கொண்டே.

"நான் சாப்பிட வரலை. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்."

"பாப்பா, சாப்பாட்டு நேரத்துல என்னம்மா?" என்றார் அழகர்.

சொர்ணலதா அவரைப் பார்க்கவே இல்லை. மடம் முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். "குருசாமி, ஐப்பசிக் கடைசியில உங்க குடோன்ல பதினெட்டு மூட்டை சுறாக் கருவாடு இருந்துச்சு. கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசம் கடை பூட்டு. தையில திறந்தா ஒரு மூட்டைகூட இல்ல. மாலை போட்ட கழுத்தோட பின்வாசல் வழியா வித்தீகளா?"

பந்தியில் வாய்க்குப் போன கவளமெல்லாம் பாதியில் நின்றது.

தங்கபாண்டி கூட்டுக் கரண்டியோடு நிமிர்ந்தார். "யாரைப் பார்த்து என்ன கேக்குற?"

"தப்பா இருந்தா மன்னிச்சுருங்க. ஆனா பதினெட்டு மூட்டை தானா நடந்து போகாதுல்ல. வித்துருக்கணும். இத்தனை சாமிகளுக்கு மாலை போட்டுவிட்ட கையால கருவாட்டை எடை போட்டு..."

"அபச்சாரம்!" என்று ஓர் ஓரத்தில் இருந்து குரல் வந்தது. இன்னொரு குரல் மெதுவாக, "ஆனா பதினெட்டு மூட்டையும் எங்க போச்சு?" என்றது. இதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டிருந்த ராக்கையா தன் இலையைப் பார்த்துத் தலையை ஆட்டி, "எனக்கும் ஒரு வாசனை வந்துச்சு, சாமி. விரதத்துல இருக்கோம், கேக்கப்படாதுன்னு விட்டுட்டேன்" என்று எண்ணெய் ஊற்றினார்.

"குப்பையில கொட்டிட்டேன்!" என்றார் தங்கபாண்டி.

"பதினெட்டு மூட்டை கொட்டியிருந்தா சின்னமனூரே நாறியிருக்குமே, சாமி" என்றது அந்த மெதுவான குரல். "அப்ப வித்துத்தான் இருக்கீகளா?"

அறுபது முகங்கள் அவரைப் பார்த்தன. இருபது வருடமாகக் கட்டிவைத்த குருசாமிப் பட்டம் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தங்கபாண்டி கரண்டியை வீசிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"அய்யப்பன் சத்தியமா விக்கலை! மாலை போட்ட கழுத்தோட ஒரு துண்டு வித்திருந்தா எங்குடும்பம் வெளங்காது! மழையில நனைஞ்சு புழு வச்சுப்போச்சு, விக்கவா முடியும்? வீணாக்க மனசு வரலை. கடை பூட்டுறதுக்கு முன்னாலயே ஏத்திவிட்டு, என் தோட்டத்துக் கெணத்து மீனுக்கு இரையாப் போட்டேன்! தெனம் ஒரு கூடை, ரெண்டு மாசம்! ஆளு வச்சுத்தான் போட்டேன், என் கை படலை! வாயில்லா ஜீவனுக்கு அன்னதானம்! தோட்டத்து ஆளுகளைக் கூப்பிட்டுக் கேளுங்கய்யா!"

மடம் மூச்சு விட்டது. "சாமியே சரணம்" என்று யாரோ தழுதழுத்தார்கள். தங்கபாண்டியின் முகத்தில் கருணை திரும்பி வந்தது.

"ரொம்ப நன்றி" என்றாள் சொர்ணலதா. ஜெபராணியின் கடிதத்தை எடுத்து அழகரின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "சார், பாயசம் வர்றதுக்குள்ள படிச்சுருங்க. அக்கம்மாள் வித்த கெளுத்தியோட முள்ளு நல்ல தண்ணியில வளர்ந்தது. சதை மட்டும் ரெண்டு மாசமாச் சுறா தின்னது. கடல்ல எந்தக் கெளுத்தியும் தெனம் சுறா தின்னாது. அப்படிச் சாப்பிட்ட கெளுத்தி ஒரு இடத்துலதான் இருந்துச்சு. எங்கேன்னு இப்ப அறுபது பேரு கேட்டாக."

"தந்தியில கடல் மீனுன்னுதான வந்துச்சு!" என்று கத்தினார் தங்கபாண்டி.

"ஆமா. நீங்க கெணத்துல கொட்டுன கடல்."

அழகர் கடிதத்தை ஒரு தடவை படித்தார். உதடு அசைய இன்னொரு தடவை படித்தார். இலையை மூடி வைத்துவிட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், பதினைந்து வருட சர்வீசில் தன்னுடைய முதல் நல்ல கேள்வியைக் கேட்டார்.

"குருசாமி, அந்தக் கெணத்துல இப்ப மீனு இருக்கா?"

தங்கபாண்டி இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "கெணத்துல மருந்து டிரம்மைக் கழுவுனது நான் இல்ல. தோட்டத்து ஆளு."

டிரம்மைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாரும் நேரே போன தோட்டத்தில் அழகருக்குச் சாட்சி போதவில்லை. கிணற்றில் வெறும் தண்ணீர், கொடியில் பழுத்த திராட்சை, வாயைத் திறக்காத தங்கபாண்டி. "வெறும் பேச்சை வச்சு எப்படிம்மா கோர்ட்டுல நிக்க?" என்றார். நல்ல கேள்வி ஒன்றோடு அவர் கணக்கு முடிந்திருந்தது.

"சார், இவரு எதையும் வீணாக்க மனசு வராதவரு. புழு வச்ச சுறாவை வீணாக்காம மீனுக்குப் போட்டாரு. மருந்துல செத்து மெதந்த மீனை வீணாக்காம உப்புல போட்டாரு. தலை இருந்தா கெணத்துக் கெளுத்தின்னு கூடைக்காரிக்குக்கூடத் தெரிஞ்சுரும், அதனால வெட்டினாரு. வெட்டுன தலையை மட்டும் வீணாக்கியிருப்பாரா?"

ராக்கையாதான் முதலில் திரும்பினார். முதல் வரிசையில் நான்கு கொடிகள் மட்டும் மற்றவற்றைவிடக் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றன. மண்வெட்டியை வாங்கி ஒரு கொடியின் தூரில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். பிறகு குனிந்து எதையோ எடுத்து உதறிக் காட்டினார்.

"தலை கெடைச்சுருச்சு, ஆத்தா. மீசையோட."

மக்கிப்போன சதைக்கு வெளியே நீளமான எலும்புத் தலை; ஆற்றுக் கெளுத்திதான் என்று சொர்ணலதா ஒரே பார்வையில் சொன்னாள். தூரைச் சுற்றி இன்னும் ஒரு கூடைத் தலைகள். கொடி ஒவ்வொன்றுக்கும் கணக்காகப் பிரித்து உரம் வைத்திருந்தார், ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு, அக்கம்மாள்மேல் தப்பு இல்லை, விடுவிப்பதில் ஆட்சேபணை இல்லை என்று அழகரே கோர்ட்டில் சொன்னார். கண்டுபிடித்தது தான்தான் என்கிற தோரணையில் சொன்னார். சொர்ணலதா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது அந்த வாக்கியம், அதைச் சொல்கிற வாய் யாருடையதாக இருந்தால் என்ன.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதே பேச்சுதான். ஒருவர் கிளாசை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என்ன இருந்தாலும் குருசாமி விரதத்துல கருவாடு விக்கலை, பார்த்தியா? உசிரே போனாலும் அதுல சுத்தமா இருந்துருக்காக."

"போனது அவரு உசிரு இல்லையே" என்றாள் சொர்ணலதா. டீக்கடை இன்னொரு டீ சொல்லிவிட்டு மறுபடி விரதத்தைப் பற்றிப் பேசியது.

அக்கம்மாள் கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். ஒரு மாதச் சிறையில் சேலை இரண்டு சுற்று பெரிதாகியிருந்தது.

"வீட்டுக்குத்தான?" என்றார் ராக்கையா.

"மொதல்ல முத்துவீரன் வீட்டுக்கு."

"எதுக்கு அக்கம்மா? உன்மேல தப்பு இல்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு" என்றாள் சொர்ணலதா.

"கோர்ட்டு சொல்லிருச்சு. கூட ஒரு துண்டு போட்டது நான்ல. அவன் பொண்டாட்டிகிட்ட நான்தான சொல்லணும்."

சொர்ணலதாவுக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பாய வேண்டியவர்களெல்லாம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னமனூர் பஸ் வந்தது. அக்கம்மாள் பழக்கத்தில் பின் படிக்கட்டைப் பார்த்து நடந்தாள். ராக்கையா ஓடிப் போய்க் குறுக்கே நின்று, முன் படிக்கட்டைக் காட்டினார்.

"முன்னால ஏறு, தாயி. முதல் சீட்டுல உக்காரு. இன்னைக்கு உன்மேல வாசனை ஒண்ணும் இல்ல."

அக்கம்மாள் தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.